மீதி எங்கே போயிற்று?

டாக்டரைக் கண்டால் ஊரார் கேள்வி கேட்பார்கள். வக்கீலைக் கண்டாலும் கேட்பார்கள். இயற்பியல் படித்தவர் என்று தெரிந்துவிட்டால் மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை. பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். தில்லைநாயகிக்கு இது தலையெழுத்தாகவே வாய்த்திருந்தது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், ஒளியை முந்திக்கொண்டு போவது எப்படி என்று சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் விளக்கி முடித்திருக்கிறார். அவளும் பாயசம் வரும்வரை பொறுமையாகக் கேட்டிருக்கிறாள்.

பந்தியாவது பரவாயில்லை, இலையை மடித்துவிட்டு எழுந்துவிடலாம். இணையத்தில் அப்படி எழுந்திருக்க முடிவதில்லை. காந்தத்தை வைத்தே சக்கரம் சுற்றலாம், கரண்ட் பில்லே வராது என்பவர் ஒருவர். புவியீர்ப்பு என்பதெல்லாம் புருடா, காற்று அழுத்துவதால்தான் நாம் தரையில் நிற்கிறோம் என்று நாற்பது பக்கம் எழுதி, படித்துவிட்டு ஒப்புக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டவர் இன்னொருவர். தில்லைநாயகி ஆராய்ச்சிக் கூடத்து வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும், காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இவர்களுக்கெல்லாம் பதில் எழுதுவாள். காபி ஆறிப்போகும்.

அவள் தோற்றுக்கொண்டே இருந்தாள். அதற்குக் காரணம் அவளுடைய நேர்மைதான். ‘பெரும்பாலும்’, ‘ஏறக்குறைய’, ‘இன்றைய அறிவின்படி’ என்று போடாமல் அவளுக்கு ஒரு வாக்கியம் எழுத வராது. எதிராளி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்வார். “பார்த்தீர்களா, உங்களுக்கே நிச்சயமில்லை” என்பார். பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டம் கைதட்டும். அடித்துப் பேசுகிறவன் ஜெயிப்பான், அளந்து பேசுகிறவன் அசடாவான். உலகம் என்றைக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

இந்த வயிற்றெரிச்சலில் பிறந்ததுதான் மெய்யளவி.

‘தெளிவகம்’ என்று ஒரு பொதுத் தளம். அறிவியலில் யார் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம், நிபுணர்கள் பதில் சொல்வார்கள். அதை உருவாக்கிய குழுவில் தில்லைநாயகியும் இருந்தாள். பதிலோ வாதமோ, எழுதப்படும் ஒவ்வொன்றையும் ஓர் இயந்திரம் படிக்கும். உலகத்தில் இதுவரை வெளியான அத்தனை ஆய்வுகளோடும் ஒப்பிட்டு, எவ்வளவு உண்மை என்று நூற்றுக்கு மதிப்பெண் போடும். மதிப்பெண், எழுதியவர் பெயருக்குப் பக்கத்திலேயே தெரியும். காந்தச் சக்கரக்காரருக்கு மூன்று மார்க். காற்றழுத்தக்காரருக்கு ஒன்றரை.

மார்க் என்று வந்துவிட்டால் தமிழ்நாட்டில் அப்பீல் ஏது? இரண்டே வருடத்தில் தொலைக்காட்சி விவாதத்திலிருந்து மருந்துக் கடை வரைக்கும் “மார்க் எவ்வளவு?” என்பதே பேச்சாகிவிட்டது. வாய்வீச்சுக்காரர்கள் ஒவ்வொருவராகத் தளத்தை விட்டுப் போனார்கள். தில்லைநாயகி காபியைச் சூடாகக் குடிக்க ஆரம்பித்தாள். தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பதுக்குக் கீழே இறங்காத நிபுணர்களின் பெயருக்குக் கீழே ஒரு தங்கக் கோடு வரும். அந்தக் கோடு அவள் பெயருக்குக் கீழே ஒரு நாள்கூட அழிந்ததில்லை.

தளத்தின் அன்றாட வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த இம்மானுவேல்தான் ஒருமுறை சொன்னான். “மேடம், ஒண்ணு கவனிச்சீங்களா? நேரா பதில் சொன்னா மார்க் குறையுது. சுத்தி வளைச்சா ஏறுது.”

“எப்படிச் சொல்ற?”

“‘சூரியன் நாளைக்கு உதிக்குமா’ன்னு ஒரு சின்னப் பையன் கேட்டான். நம்ம பேராசிரியர் ஒருத்தர் ‘உதிக்கும்’னு போட்டார். தொண்ணூத்தி ஏழுதான். உதிக்கிறது சூரியன் இல்ல, சுத்துறது பூமி, துருவத்துல நாளைக்கு உதிக்காதுன்னு மிஷின் பிடிச்சுக்குச்சு. அவர் அதையெல்லாம் சேர்த்து அரைப் பக்கம் எழுதினார். தொண்ணூத்தொம்பது புள்ளி ஒம்பது வந்துடுச்சு. ஆனா பையன் பயந்துட்டான் மேடம். ‘அப்ப உதிக்காமலும் போகுமா’ன்னு கேக்குறான்.”

தில்லைநாயகி சிரித்தாள். “உண்மை அப்படித்தான் இருக்கும் இம்மானுவேல். பழகிக்கணும். நூறு மார்க் கணக்குல வரும், இயற்பியல்ல வராது.”

“பழகிக்கிறவங்க சரி. பழகாதவங்க?”

அவள் அடுத்த கேள்வியைத் திறந்தாள்.

அர்த்தநாரியின் கேள்வி ஒரு மத்தியான வேளையில் வந்தது.

“என் மனைவிக்கு மார்பில் புற்றுநோய். கதிர்வீச்சு சிகிச்சை கொடுக்கிறார்கள். தினமும் போய் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். சிகிச்சை எடுத்தவர் உடம்பிலிருந்து கதிர்வீச்சு வெளியே வருமா? எங்களுக்கு ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. மனைவி குழந்தையைத் தூக்கலாமா? – அர்த்தநாரி, இராசிபுரம்.”

தில்லைநாயகிக்கு மனசு இளகியது. யோசிக்க ஒன்றுமில்லாத கேள்வி. “வராது. தாராளமாகத் தூக்கலாம்” என்று தட்டினாள். வெளியிடுவதற்கு முன்னால் இயந்திரம் அவளுக்கு மட்டும் மதிப்பெண்ணைக் காட்டியது. தொண்ணூற்றாறு புள்ளி நான்கு. கீழே சிவப்பில் ஒரு குறிப்பு: ‘விதிவிலக்கு சொல்லப்படவில்லை.’

என்ன விதிவிலக்கு என்று அவளுக்குத் தெரியும். கருவியின் ஆற்றல் மிக அதிகமாக இருந்தால் உடம்புக்குள் விரல்விட்டு எண்ணுகிற மாதிரி சில அணுக்கள் கொஞ்ச நேரத்துக்குக் கதிரியக்கம் பெறும். நிமிஷங்களில் அடங்கத் தொடங்கிவிடும். நோயாளி புடவையைச் சரிசெய்துகொண்டு, ஆட்டோ பிடித்து, வீடு போய்ச் சேருவதற்குள் எதுவும் மிஞ்சாது. மாடியில் வற்றல் காயப்போடுகிறவளுக்கு வானத்திலிருந்து விழும் கதிர்வீச்சு அதைவிட அதிகம். ஆனாலும் இருக்கிறது என்றால் இருக்கிறது.

தொண்ணூற்றாறோடு அப்படியே வெளியிட அவளை யாரும் தடுக்கவில்லை. தங்கக் கோடு ஒரு மாதம் இருக்காது, அவ்வளவுதான். ஆனால் பிளஸ் டூவில் இயற்பியலில் தொண்ணூற்றொன்பது வாங்கிக்கொண்டு வந்தவளைப் பார்த்து, “அந்த ஒண்ணு எங்கடி?” என்று கேட்ட அப்பாவின் மகள் அவள். அவளுடைய கல்யாணத்தன்றுகூட சம்பந்தியிடம் அந்த ஒரு மார்க்கைப் பற்றித்தான் அவர் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். அப்படி வளர்ந்தவளுக்குத் தொண்ணூற்றாறை வெளியே காட்டக் கை வரவில்லை. அழித்துவிட்டுத் திருத்தி எழுதினாள்.

“வெளியிலிருந்து செலுத்தப்படும் கதிர்வீச்சு சிகிச்சையால் நோயாளியின் உடலில் தூண்டப்படும் கதிரியக்கம் நடைமுறையில் புறக்கணிக்கத்தக்கது. அதிக ஆற்றலுள்ள கருவிகளில் மிகச் சில அணுக்கள் குறுகிய காலத்துக்குக் கதிரியக்கம் பெறக்கூடும். அதனால் உடனிருப்போருக்கு அளவிடத்தக்க தீங்கு நேரும் என்பதற்குச் சான்று இல்லை.”

தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது ஒன்பது ஒன்பது ஏழு. நல்ல பதில் என்று அவளுக்கே பெருமையாக இருந்தது.

மறுமொழி உடனே வந்தது. “பெறக்கூடும் என்கிறீர்களே மேடம். அப்படியானால் வருமா?”

பயத்தைப் போக்க வேண்டும் என்றுதான் அடுத்த பதிலை எழுதினாள். நம் எல்லோர் உடம்பிலும் பிறந்ததிலிருந்தே கதிரியக்கம் இருக்கிறது, நாம் சாப்பிடும் வாழைப்பழத்திலும் இருக்கிறது, அதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை என்று நயமாக விளக்கினாள். கல்லூரி மேடைகளில் இந்த வாழைப்பழத்தைச் சொன்னால் பிள்ளைகள் சிரித்துக் கைதட்டுவார்கள்.

இராசிபுரத்தில் யாரும் சிரிக்கவில்லை. “அப்படியானால் குழந்தை உடம்பில் ஏற்கெனவே இருக்கிறதா? அதன்மேல் இதுவும் சேருமா? இத்தனை நாள் தெரியாமல் தினம் ஒரு வாழைப்பழம் கொடுத்துக்கொண்டிருந்தோம். இன்றோடு நிறுத்திவிட்டோம்.”

இதை அவள் இம்மானுவேலிடம் படித்துக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. வேலை அலுப்பில் சிரிக்கிற சிரிப்புதான்.

மூன்றாவதாக வந்தது கொஞ்சம் நீளமாக இருந்தது. “ஒன்றும் ஆகாது என்று டாக்டரும் சொல்கிறார். அவர் பேச்சுக்கு மார்க் கிடையாது. உங்கள் பேச்சுக்கு மார்க் இருக்கிறது, ஆனால் நூறு இல்லை. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தொண்ணூற்றொன்பது வாங்கின பிள்ளையைப் பாராட்ட மாட்டார்கள், மீதி எங்கே போயிற்று என்றுதான் கேட்பார்கள். நானும் கேட்கிறேன் மேடம். மீதி எங்கே போயிற்று? அந்த மீதியில் இருப்பது எங்கள் பாப்பாவாக இருந்தால்?”

தில்லைநாயகிக்குச் சலிப்புத் தட்டியது. இந்தப் பிடிவாதம் அவளுக்குப் பழகினதுதான். எதைச் சொன்னாலும் அதிலிருந்து ஒரு நூலை உருவி, இழுத்துக்கொண்டே போகிறவர்களை வருடக்கணக்காகப் பார்த்தவள். இந்த ஆளும் அந்த ரகம் என்று முடிவு கட்டினாள். மதிப்பெண் என்பது ஆபத்தின் அளவல்ல, வாக்கியத்தின் துல்லியம், இயற்பியலில் எந்த வாக்கியமும் நூறு வாங்காது என்று ஒரு பத்தி எழுதினாள். அதற்கும் தொண்ணூற்றொன்பதுக்கு மேலேதான் வந்தது. பிறகு ‘தெளிவுற்றது’ என்ற பொத்தானை அழுத்திக் கேள்வியை மூடினாள். மூன்று பதில் சொல்லியாகிவிட்டால் நிபுணர் கேள்வியை மூடிவிடலாம். மூடிய கேள்வியை, கேட்டவர் மறுபடி எழுப்ப முடியாது. நிபுணர்களின் நேரத்தை மிச்சப்படுத்த அந்த விதியைக் கொண்டுவந்ததும் அவள்தான்.

மழைக்காலம் வந்து போனது. பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும், இம்மானுவேல் போன் பண்ணினான்.

“மேடம், உதவிப் பிரிவுக்கு ஒண்ணு வந்திருக்கு. இயற்பியல் கேள்வி இல்ல. ஆனா நீங்க பார்த்தா நல்லதுன்னு தோணுச்சு.”

“படி.”

அவன் படித்தான். “‘மூடிய கேள்வியை மறுபடி திறக்க என்ன செய்ய வேண்டும்? கேட்டவர் இறந்துவிட்டார். இன்னும் ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது.’ அனுப்பினவர் பேரு அர்த்தநாரி, இராசிபுரம்.”

“இறந்தது அவர் மனைவிதானே? கேட்டது அவர்தானே?”

“கேட்டவரே இறந்துட்டார்னுதான் எழுதியிருக்கார் மேடம். எனக்கும் புரியல.”

தில்லைநாயகி பழைய பதில்களை எடுத்துப் படித்தாள். ஒவ்வொரு வாக்கியமும் சரியாக இருந்தது. அந்த மூன்று பதிலிலும் ‘தூக்கலாம்’ என்ற சொல் எங்கேயுமே இல்லை.

“நான் நேர்ல போயிட்டு வரேன்” என்றாள்.

“அவசியமே இல்ல மேடம். நம்ம பக்கம் தப்பு எதுவும் இல்ல. மூணு பதிலுமே தொண்ணூத்தொம்பதுக்கு மேல.”

“அதனாலதான் போறேன்.”

இராசிபுரத்தில் அர்த்தநாரியின் டயர்ப் பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. முப்பத்தைந்தைத் தாண்டியிராத மனிதர். தாடி மழிக்காமல் இருந்தார். தில்லைநாயகி தன் பெயரைச் சொன்னதும் ஒரு கணம் அவளையே பார்த்தார். திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார்.

“உக்காருங்க மேடம். இத்தன தூரம் வருவீங்கன்னு நெனைக்கலீங்க. தண்ணி குடிக்கறீங்களா?”

“உங்க மனைவி விஷயம் கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தமா இருக்கு. அன்னிக்கு நீங்க கேட்ட கேள்விக்கு நான் இன்னும்…”

“நான் கேக்கலீங்க மேடம்.” அவர் சுவரில் மாலை போட்டிருந்த படத்தைக் காட்டினார். சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண். “அவதான் கேட்டா. பூவிழி. எம் பேர்ல கேட்டிருக்கறா. எனக்கே கடைசியில ஆஸ்பத்திரியில படுத்திருக்கறப்பத்தான் சொன்னா. பொம்பள கேட்டா ஏதோ பயந்துக்கறான்னு ஒப்புக்குப் பதில் சொல்லுவாங்க, ஆம்பள கேட்டாத்தான் உள்ளதச் சொல்லுவாங்கன்னு நெனைச்சாளாம்.”

ஆறு மாதமாக அவள் மனசில் ஒரு முரட்டு ஆம்பிளை உட்கார்ந்திருந்தான். தன் குழந்தையைத் தூக்கலாமா என்று கேட்டுக்கொண்டு நின்ற ஒரு தாயை, விதண்டாவாதி என்று கதவைச் சாத்தி அனுப்பியிருக்கிறாள்.

“அப்புறம் என்ன ஆச்சு?”

“என்னத்தங்க ஆகறது. பாப்பாளத் தொடறதில்ல. ஊட்டுக்குள்ளயே அவளுக்கு ஒரு ரூமு, பாப்பாளுக்கு ஒரு ரூமு. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டுக் கதை சொல்லுவா, பாட்டுப் பாடுவா, ஹோம்ஒர்க் எழுத வெப்பா. தலை மட்டும் நான்தான் பின்னி உடோணும். எனக்கு வராதுங்க, கோணக்கோணையாப் போவும். அங்கிருந்தே சொல்லிக் குடுப்பா. ‘டாக்டரு ஒண்ணுமில்லைங்கறாருல்ல’ன்னு நானும் எவ்வளவோ சொன்னேனுங்க. ‘டாக்டருக்கென்ன, அவரு பிள்ளையா’ன்னு போட்டா.”

“சிகிச்சைதான் சில வாரத்துல முடிஞ்சிருக்குமே?”

“முடிஞ்சுதுங்க. அப்பறம் நோவு ஈரலுக்குப் போயிருச்சு. கரண்ட் வெக்கறத நிறுத்தினப்பறமும் அவ பாப்பாளத் தொடலீங்க. உடம்புல இருக்கற மீதி எத்தன நாளைல போகும்னு தெரியலையே, அதக் கேக்கலாம்னு பாத்தா கேள்விய மூடிப்போட்டாங்க அப்படீன்னா.”

ஒரு மணி நேரம். அதுதான் பதில். பூவிழி அதைக் கேட்டிருந்தால் தில்லைநாயகி ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு, அன்று சாயங்காலமே குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருக்கலாம். அத்தனை சாயங்காலங்களும் போய்விட்டன. தில்லைநாயகிக்கு அழுகை வந்தது. அழ உரிமையில்லை என்றும் தோன்றியது.

“கடைசி நாளு பாப்பாளக் கூட்டிட்டுப் போனேனுங்க. கையப் புடிச்சுக்கோன்னு சொன்னேன். இவளும் கைய நீட்டுனா. அவ தன்ற கையப் போர்வைக்குள்ள இழுத்துக்கிட்டா.” அர்த்தநாரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“என் தப்புங்க. நான் முதல்ல ஒரு பதில் எழுதினேன், ‘தூக்கலாம்’னு. அதுக்கு மார்க் குறைவா வந்துதுன்னு அழிச்சிட்டேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை அவள் தாங்கிக்கொண்டாள். “உடுங்க மேடம், வெசனப்பட்டு என்னாவப் போவுது” என்றார். “நான் உங்களக் குத்தம் சொல்றதுக்குக் கேள்வியத் தொறக்கச் சொல்லலீங்க. எனக்கு ஒரு ஒத்தாசை வேணுமுங்க.”

“சொல்லுங்க.”

“பாப்பா இப்ப என்னையும் தொட உடறதில்லீங்க. அம்மாளத் தூக்கிக் குளிக்க ஊத்துனது நான், காரியம் பண்ணுனது நான், அதனால என்ற மேலயும் ஒட்டியிருக்கும்னு நெனைக்கறா. சோறு ஊட்டப் போனாத் தள்ளித் தள்ளிப் போறா. ஒண்ணுமேயில்ல சாமி, அம்மா சும்மா பயந்துக்கிட்டான்னு அவங்க பெரியம்மா சொல்லிப்போட்டாங்க. அது அதவிட மோசமாப் போச்சுங்க. அன்னைலிருந்து பேசறதேயில்ல. ராத்திரி தூக்கத்துல, ஒண்ணுமில்லைன்னா அம்மா ஏன் என்னத் தொடல, என்னப் புடிக்கலையான்னு அழுவறா. நீங்க சொன்னா நம்புவாளுங்க. அவ அம்மாளே உங்களத்தான் நம்புனா.”

தில்லைநாயகிக்கு அந்தச் சிக்கல் முழுசாகப் புரிந்தது. ஆபத்தே இல்லை என்று உண்மையைச் சொன்னால் அப்பாவிடம் குழந்தை திரும்பி வந்துவிடும், அம்மாவை இழந்துவிடும். அத்தனை மாதம் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றது வெறும் அசட்டுத்தனம் என்று ஆகிவிடும். ஆபத்து இருந்தது என்று சொன்னால் அம்மா மிஞ்சுவாள், அப்பா போய்விடுவார். வாழ்நாளெல்லாம் உண்மையை அளந்து அளந்து சொன்னவளிடம் அந்தக் குடும்பம் கேட்பதோ அளவுக்கு அடங்காத ஒரு பதில்.

பள்ளிக்கூட வேன் வந்து நின்றது. ஆதிரை இறங்கி வந்தாள். பின்னல் ஒன்று மேலே, ஒன்று கீழே. அப்பா பையை வாங்கக் கையை நீட்டியதும் பையைத் தரையில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். தில்லைநாயகியைக் கண்டதும் தூணோரமாக நின்றாள்.

“பாப்பா, இவங்கதான் அந்த மிஸ்ஸு. அம்மா கேள்வி கேட்டாங்கல்ல, அவங்க.”

குழந்தை அவளை மேலும் கீழும் பார்த்தது. “மார்க் போட்டுப் பதில் சொல்ற மிஸ்ஸா?”

“ஆமா கண்ணு.”

“நீங்க பொய் சொன்னா மிஷின் கண்டுபிடிச்சிருமாமே. அம்மா சொன்னாங்க.”

“கண்டுபிடிச்சிரும்.”

ஆதிரை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். இதைக் கேட்க ரொம்ப நாளாகக் காத்திருந்தவள் மாதிரி, திக்காமல் கேட்டாள். “எங்கம்மா உடம்புல நெசமாவே கதிர் இருந்துச்சா மிஸ்?”

“இருந்துச்சு” என்றாள் தில்லைநாயகி. “கொஞ்சம். ரொம்ப ரொம்பக் கொஞ்சம்.”

அர்த்தநாரி திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அதுவரை அவள் சொன்னது உண்மைதான். இயந்திரம் கேட்டிருந்தால் மார்க்கை அள்ளிப் போட்டிருக்கும்.

“பெரியம்மா ஒண்ணுமே இல்லைன்னாங்களே?”

“பெரியம்மாவுக்கு அந்தக் கொஞ்சத்தைப் பத்தித் தெரியாது. உங்கம்மா கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. அந்தக் கொஞ்சம்கூட உன் மேல படக் கூடாதுன்னுதான் தொடாம இருந்தாங்க. தொடணும்னு அவங்களுக்கு ஆசையா இருந்துச்சு.”

“அம்மா தொட்டிருந்தா எனக்கு என்ன ஆயிருக்கும்?”

ஒன்றும் ஆகியிருக்காது. அவளுக்குத் தெரிந்த எதையும்விட அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். “தெரியல கண்ணு” என்றாள். எத்தனையோ மேடைகளில், எத்தனையோ பேரிடம் தலைநிமிர்ந்து சொன்ன சொல் அது. விஞ்ஞானிக்கு அழகு அதுதான் என்று மாணவர்களுக்குப் போதித்திருக்கிறாள். இன்றைக்கு முதல்முறையாக, பதிலைத் தெரிந்துவைத்துக்கொண்டே அதைச் சொன்னாள். “என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாததாலதான் அம்மா அவ்வளவு கவனமா இருந்தாங்க.”

குழந்தை யோசித்தது. “அது இப்ப அப்பா மேல இருக்கா?”

“இல்ல.”

“கொஞ்சம்கூட?”

எதிரே உட்கார்ந்திருக்கிற மனிதரின் எலும்பிலும் ரத்தத்திலும், கேட்கிற குழந்தையின் உடம்பிலும், இந்தத் தூணிலும் தரையிலும் அது எப்போதும் இருக்கிறது. “கொஞ்சம்கூட இல்ல.”

“நூத்துக்கு நூறா?”

“நூத்துக்கு நூறு.”

“அப்ப அம்மாகிட்ட இருந்தது எங்க போச்சு?”

“அம்மா போறப்ப அதையும் கூடவே எடுத்துட்டுப் போயிட்டாங்க. இந்த வீட்டுல எதுலயும் இப்ப அது இல்ல.”

ஆதிரை நின்ற இடத்திலிருந்து அப்பாவைப் பார்த்தாள். மெல்லப் போய் அவருடைய முழங்கையில் ஒரு விரலை வைத்தாள். எடுத்து அந்த விரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். மறுபடி வைத்தாள். அர்த்தநாரி மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அவள் அவருடைய மடியில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். தில்லைநாயகி முற்றத்துப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிளம்புகிறேன் என்று எழுந்தபோது ஆதிரை அப்பாவின் தோளிலிருந்து தலையைத் தூக்கினாள். அழுது முடித்த முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

“மிஸ், அம்மாவுக்கு இதெல்லாம் நீங்கதானே சொன்னீங்க?”

“நான்தான் சொன்னேன்.”

“நீங்க சொல்லலைன்னா அம்மா என்னத் தொட்டிருப்பாங்க. நல்லவேளை மிஸ், சொன்னீங்க” என்றாள் குழந்தை. “தேங்க்ஸ்.”

தில்லைநாயகி அதை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.